பதில் வராவிட்டால் வேலை நடக்கவில்லையா? – தொலைவிலிருந்து அழைக்கப்படும் செயற்கூறு: இரண்டு பாடவேளைப் பாடம்

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் காலையில் மாணவர் தம் பதிவெண்ணையும் பிறந்த தேதியையும் கைப்பேசியில் தட்டுகிறார். அடுத்த நொடி மதிப்பெண் திரையில் வருகிறது. அந்த மதிப்பெண் அவர் கைப்பேசியில் இருந்ததில்லை. கைப்பேசியில் உள்ள நிரல் எங்கோ இருக்கும் ஒரு சேவையகத்திடம் கேட்டது. அது தேடி எடுத்துப் பதில் அனுப்பியது. ரயில் முன்பதிவு, வங்கி இருப்பு, கடையில் கியூஆர் கோடு வழியாகச் செலுத்தும் பணம் எல்லாம் இப்படித்தான் நடக்கின்றன. ஒரு கணினியில் இருக்கும் நிரல் பகுதியை, வேறு இடங்களில் உள்ள பல நிரல்கள் அழைத்துப் பயன்படுத்துகின்றன.

பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் செயற்கூறு, இடைமுகம், செயல்படுத்துதல் ஆகியவற்றை நடத்துகிறோம். அங்கே அழைப்பவரும் அழைக்கப்படுவதும் ஒரே கணினியில் இருக்கின்றன. அந்தச் செயற்கூறை அடுத்த அறையில் உள்ள கணினிக்கு நகர்த்தினால் என்ன மாறும்? இந்தக் கேள்வியைச் சுற்றி இரண்டு பாடவேளைகளுக்கான பாடம் கீழே உள்ளது. முதல் பாடவேளைக்குக் கணினி தேவையில்லை என்பதால் நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களும் அதை நடத்தலாம்.

ஆசிரியருக்குப் பின்னணி

1984-இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் பணியாற்றிய ஆண்ட்ரூ பிர்ரெல், புரூஸ் நெல்சன் ஆகிய இருவரும் தொலைச் செயற்கூறு அழைப்பை நடைமுறையில் எப்படி உருவாக்குவது என்று விளக்கி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நிரல் எழுதுபவர் தம் கணினியில் உள்ள செயற்கூறை அழைப்பது போலவே வேறு கணினியில் உள்ளதையும் அழைக்க முடிய வேண்டும். செய்தி அனுப்புவது, பெறுவது, பிரித்துப் படிப்பது போன்ற வேலைகளை இடையில் உள்ள சிறு நிரல்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். இதுவே அவர்களின் கருத்து. அழைப்பவர் பக்கம் ஒன்று, செய்பவர் பக்கம் ஒன்று என இரு இடைநிரல்கள் இருக்கும். அழைப்பவர் பேசுவது தம் பக்கத்து இடைநிரலோடு மட்டுமே.

அதன்பின் வடிவங்கள் பல வந்தன. 1991-இல் கோர்பா, 1997-இல் ஜாவா மொழியுடன் ஆர்எம்ஐ, 1998-இல் எக்ஸ்எம்எல்-ஆர்பிசி, அதைத் தொடர்ந்து சோப் ஆகியவை வெளிவந்தன. 2000-இல் ராய் ஃபீல்டிங் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் ரெஸ்ட் என்ற அமைப்பு முறையை விவரித்தார். 2015-இல் கூகுள் நிறுவனம் ஜிஆர்பிசி-யை வெளியிட்டது. அழைப்பை எழுதும் விதத்தில் இவை வேறுபட்டாலும் கேட்பவர், செய்பவர், இடையில் நம்ப முடியாத ஒரு பாதை என்ற மூன்றும் எல்லாவற்றிலும் உண்டு. நம் பாடம் இந்த மூன்றைப் பற்றியது.

முதல் பாடவேளை: துண்டுச் சீட்டு விளையாட்டு

தேவையானவை: துண்டுச் சீட்டுகள், இரண்டு பேனா, ஒரு நோட்டு, ஐந்து மாணவர்கள்.

ஐவருக்கும் பொறுப்புகளைக் கொடுங்கள்.

1. கேட்பவர்: வகுப்பறையில் நிற்பார். தமக்கு வேண்டியதை வாயால் சொல்வார்.
2. எழுத்தர்: கேட்பவர் சொன்னதைச் சீட்டில் எழுதுவார். வரும் பதிலைப் படித்துச் சொல்வார்.
3. தபால்காரர்: சீட்டைக் கொண்டு போவார், பதில் சீட்டைக் கொண்டு வருவார். படிக்கக் கூடாது.
4. வாசிப்பவர்: வராந்தாவில் இருப்பார். சீட்டைப் படித்துச் செய்பவரிடம் சொல்வார். பதிலைச் சீட்டில் எழுதித் தருவார்.
5. செய்பவர்: வாசிப்பவரின் அருகில் நோட்டுடன் உட்காருவார். நோட்டில் பத்து வரிசை எண்களும் அவற்றுக்கு நேரே கற்பனையான மதிப்பெண்களும் இருக்கும்.

கேட்பவரும் செய்பவரும் ஒருவரை ஒருவர் பார்க்கக் கூடாது.

கரும்பலகையில் சேவைப் பட்டியலை எழுதுங்கள்:

கூட்டு (எண், எண்) – கூட்டுத்தொகை திரும்பி வரும்.
மதிப்பெண் சொல் (வரிசை எண்) – மதிப்பெண் திரும்பி வரும்.
மதிப்பெண் சேர் (வரிசை எண், எண்) – புதிய மொத்தம் திரும்பி வரும்.

ஒவ்வொரு சேவைக்கும் பெயர் என்ன, என்ன கொடுக்க வேண்டும், என்ன திரும்பி வரும் என்ற மூன்று தகவல்கள் இதில் இருக்கின்றன. இதுவே இரு தரப்புக்கும் இடையிலான ஒப்பந்தம். பாடநூலில் வரும் இடைமுகம் இங்கே மாணவர் கண்ணால் பார்க்கும் பொருளாகிறது.

முதல் சுற்றில் கேட்பவர் "கூட்டு, 37, 48" என்று சொல்லட்டும். சீட்டு போய்ப் பதில் 85 என்று வரும். இப்போது செய்பவரை மாற்றுங்கள். புதியவர் விரல்விட்டு எண்ணலாம், கால்குலேட்டரில் தட்டலாம். கேட்பவருக்கு அது தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. பட்டியல் மாறாத வரை உள்ளே இருக்கும் ஆளை மாற்றலாம் என்பதை வகுப்பு பார்த்துவிடும்.

இரண்டாம் சுற்றில் கேட்பவர் "பெருக்கு, 6, 7" என்று கேட்கட்டும். செய்பவருக்குப் பெருக்கத் தெரியும். ஆனாலும் வாசிப்பவர் "அப்படி ஒரு சேவை இல்லை" என்று எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். செய்பவருக்குத் தெரிந்த எல்லாவற்றையும் வெளியே திறந்து வைக்க வேண்டியதில்லை. எதைத் திறப்பது என்பது ஒரு முடிவு. நோட்டில் உள்ள மதிப்பெண்களை எல்லாம் அழிக்கும் வேலையும் செய்பவருக்குத் தெரியும்; அதைப் பட்டியலில் சேர்க்கலாமா என்று கேளுங்கள். பாதுகாப்பு பற்றிய விவாதத்தைப் பிள்ளைகளே தொடங்கிவிடுவார்கள்.

மூன்றாம் சுற்று சீட்டில் எழுதும் முறையைப் பற்றியது. எழுத்தர் ஒரு சீட்டில் 03/04 என்று மட்டும் எழுதட்டும். அது ஏப்ரல் 3-ஆம் தேதியா, மார்ச் 4-ஆம் தேதியா? நம் ஊரில் முதலில் நாளை எழுதுகிறோம். அமெரிக்காவில் முதலில் மாதத்தை எழுதுகிறார்கள். ஒரே கணினிக்குள் தேதி ஒரு மாறியாகப் பத்திரமாக இருக்கிறது. வெளியே அனுப்பும்போது அதை எழுத்தாக்க வேண்டும், அந்தப் பக்கம் அதே பொருளில் படிக்க வேண்டும். எழுதும் முறையும் ஒப்பந்தத்தில் ஒரு பகுதி என்பதை இங்கே சொல்லுங்கள்.

சீட்டு தொலைந்தால்

பாடத்தின் மையம் இந்தப் பகுதிதான். பாதி நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள்.

தபால்காரரிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லுங்கள்: "இந்தமுறை பதில் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்." கேட்பவர் "மதிப்பெண் சேர், 12, 5" என்கிறார். வரிசை எண் 12-க்கு நோட்டில் 60 இருந்தது. செய்பவர் அதை 65 ஆக்கி, பதில் கொடுத்துவிட்டார். தபால்காரர் வெறுங்கையோடு நிற்கிறார்.

கேட்பவரிடம் "என்ன நடந்திருக்கும்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் "சீட்டு போய்ச் சேரவில்லை" என்பார்கள். "என்ன செய்வாய்?" என்றால் "மறுபடி கேட்பேன்" என்பார்கள். கேட்கட்டும். இந்தமுறை பதில் வரும்: 70. நோட்டைக் கொண்டுவந்து வகுப்பில் காட்டுங்கள். ஒருமுறை சேர்க்க வேண்டிய 5 மதிப்பெண் இருமுறை சேர்ந்திருக்கிறது. கேட்பவர், எழுத்தர், வாசிப்பவர், செய்பவர் நால்வரும் சொன்னதைச் சரியாகவே செய்திருக்கிறார்கள். ஆனாலும் கணக்கு தப்பாகிவிட்டது.

இப்போது கரும்பலகையில் எழுதுங்கள். பதில் வராததற்குக் காரணம் மூன்றாக இருக்கலாம்.

1. கேள்விச் சீட்டே போய்ச் சேரவில்லை. வேலை நடக்கவில்லை.
2. சீட்டு சேர்ந்தது, ஆனால் செய்பவர் வேலையைச் செய்யும் முன் எழுந்து போய்விட்டார். வேலை நடக்கவில்லை.
3. வேலை நடந்தது, பதில் சீட்டு தொலைந்தது.

கேட்பவர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுதான்: மௌனம். ஒரே கணினிக்குள் செயற்கூறை அழைக்கும்போது இந்த மௌனம் கிடையாது. மேலே சொன்ன 1984 கட்டுரையிலும் இது வெளிப்படையாகவே இருக்கிறது: அழைப்புக்குப் பதில் வந்தால் செயற்கூறு சரியாக ஒருமுறை இயங்கியது என்று பொருள்; பிழை என்று வந்தால் ஒருமுறை இயங்கியிருக்கலாம், இயங்காமலும் இருக்கலாம், எது என்று சொல்ல இயலாது.

தீர்வை நாமே சொல்லிவிடாமல் வகுப்பிடம் கேளுங்கள். வழக்கமாக இரண்டு யோசனைகள் வரும், வராவிட்டால் தூண்டுங்கள்.

முதல் யோசனை: கேட்கும் விதத்தை மாற்றுவது. "5 சேர்" என்பதற்குப் பதில் "65 ஆக வை" என்று கேட்டால், எத்தனை முறை கேட்டாலும் நோட்டில் 65-தான் இருக்கும். "மதிப்பெண் சொல்" என்பதும் அப்படியே; நூறு முறை கேட்டாலும் நோட்டு மாறாது. திரும்பச் செய்தால் கெடாத வேலை, திரும்பச் செய்தால் கெடும் வேலை என்று இரண்டாகப் பிரிக்கலாம். ஆனால் எல்லா வேலையையும் முதல் வகைக்கு மாற்ற முடியாது. இரண்டு ஆசிரியர்கள் ஒரே மாணவருக்கு வெவ்வேறு பாடத்துக்கு மதிப்பெண் சேர்க்கும்போது, பின்னால் வரும் "65 ஆக வை" முன்னால் வந்ததை அழித்துவிடும்.

இரண்டாம் யோசனை: ஒவ்வொரு சீட்டுக்கும் ஓர் எண் கொடுப்பது. வாசிப்பவர் ஒரு பதிவேட்டில் "சீட்டு 7, பதில் 65" என்று எழுதி வைக்கிறார். அதே 7-ஆம் எண் மறுபடி வந்தால் செய்பவரிடம் போகாமல் பழைய பதிலையே தருகிறார். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. மறுபடி கேட்கும்போது எழுத்தர் பழைய எண்ணையே எழுத வேண்டும். புதிய எண் எழுதினால் வாசிப்பவருக்கு அது புதிய கோரிக்கை. தவறு திரும்ப நடக்கும். இரண்டு விதமாகவும் நடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இங்கே பிள்ளைகளின் வீட்டு அனுபவத்தைத் தொடலாம். 2016-இல் தொடங்கிய யுபிஐ வழியாகக் கடையில் பணம் செலுத்தும்போது சில நேரம் திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும், அல்லது "நிலுவையில்" என்று வரும். கடைக்காரர் "வரலையே, இன்னொரு தடவை போடுங்க" என்பார். மறுபடி அனுப்பினால் அது வேறு எண் கொண்ட புதிய பரிமாற்றம். முதலாவதும் பிறகு நிறைவேறினால் இரண்டு முறை பணம் போய்விடும். அன்றாடக் கூலியில் நடக்கும் வீட்டில் அந்தத் தொகை திரும்பி வரும்வரை காத்திருப்பது எளிதல்ல. மறுபடி அழுத்தும் முன் பரிமாற்றப் பட்டியலையும் கணக்கு இருப்பையும் பார்க்க வேண்டும் என்பதைப் பிள்ளைகள் வீட்டில் சொல்லட்டும். இணையம் தடுமாறும்போது வருகையையோ மதிப்பெண்ணையோ பதிவேற்றும் நமக்கும் இதே விதிதான்: முதலில் பதிவாகியிருக்கிறதா என்று திறந்து பார்ப்பது, அதன்பிறகே மறுபடி சேமிப்பது.

இரண்டாம் பாடவேளை: ஆய்வகத்தில்

பன்னிரண்டாம் வகுப்பு மாணவருக்குப் பைத்தான் தெரியும். பைத்தானுடனேயே வரும் எக்ஸ்எம்எல்ஆர்பிசி என்ற தொகுதி போதும். தனியாக எதையும் நிறுவ வேண்டாம், இணையமும் வேண்டாம். ஆய்வகத்தின் உள் வலையமைப்பில் உள்ள இரண்டு கணினிகள் போதும். அதுவும் இல்லையென்றால் ஒரே கணினியில் இரண்டு சாளரங்களைத் திறந்து செய்யலாம்.

சேவையகக் கணினியில்: வழக்கம்போல் இரண்டு மூன்று செயற்கூறுகளை எழுதச் சொல்லுங்கள். பிறகு அந்தத் தொகுதியின் சர்வர் பகுதியில் உள்ள இனக்குழுவைக் கொண்டு, கணினியின் முகவரியும் 8000 என்ற கதவு எண்ணும் கொடுத்து ஒரு சேவையகம் உருவாக்க வேண்டும். வெளியே திறக்க வேண்டிய ஒவ்வொரு செயற்கூறையும் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும். கடைசி வரி, அழைப்புக்காகத் தொடர்ந்து காத்திருக்கச் சொல்லும் வரி.

மற்றக் கணினியில்: கிளையன்ட் பகுதியில் உள்ள பதிலி இனக்குழுவுக்குச் சேவையகத்தின் முகவரியைக் கொடுத்தால் ஒரு பொருள் கிடைக்கும். அந்தப் பொருளின் செயற்கூறு போலவே "கூட்டு" என்பதை அழைக்கலாம். நேற்றைய எழுத்தர்தான் இந்தப் பொருள் என்று சொல்லுங்கள். மாணவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

ஆய்வகத்தில் வழக்கமாக இடறும் இடங்கள் இவை:

சேவையகத்துக்கு லோக்கல்ஹோஸ்ட் என்ற முகவரியைக் கொடுத்தால் அதே கணினியிலிருந்து மட்டுமே அழைக்க முடியும். மற்றக் கணினிகள் அழைக்க வேண்டுமானால் உள் வலையமைப்பில் அந்தக் கணினிக்கு உள்ள முகவரியைக் கொடுக்க வேண்டும். ஃபயர்வால் தடுக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கைப்பேசி எண்ணை முழு எண்ணாக அனுப்பினால் பிழை வரும். இந்த முறையில் முழு எண்ணுக்கான மேல் எல்லை 2147483647. ஆறில் தொடங்கும் பத்து இலக்கக் கைப்பேசி எண்கூட அதைவிடப் பெரியது. அதைச் சரமாக அனுப்ப வேண்டும். பைத்தானுக்குள் எவ்வளவு பெரிய முழு எண்ணும் செல்லும். வெளியே அனுப்பும்போது மட்டும் எல்லை வருகிறது. 03/04 சீட்டில் பார்த்த அதே சிக்கல்தான் இது.

மூன்றாவது, பாடத்துக்கு மிகவும் உதவும் பிழை. மதிப்பெண் சேர்க்கும் செயற்கூறில் மதிப்பைத் திருப்பி அனுப்பும் வரியை வேண்டுமென்றே விட்டுவிடச் சொல்லுங்கள். மொத்தத்தைச் சேவையகத் திரையில் அச்சிடும் வரி மட்டும் இருக்கட்டும். பைத்தானில் அப்படிப்பட்ட செயற்கூறு 'நன்' என்ற வெற்று மதிப்பைத் தரும். இயல்பான அமைப்பில் அந்த வெற்று மதிப்பை அனுப்ப இந்த முறை மறுக்கும். அழைத்த கணினியில் பிழைச்செய்தி வரும். அதே நேரம் சேவையகத் திரையைப் பாருங்கள்: மொத்தம் கூடியிருக்கும். மறுபடி அழைத்தால் மறுபடி பிழை, மறுபடி கூடும். பிழை வந்தது, ஆனால் வேலை நடந்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

இதன்பின் மூன்று சிறு சோதனைகள்.

வேகம்: கூட்டும் செயற்கூறைத் தம் கணினிக்குள்ளேயே 1000 முறை அழைத்து நேரம் அளக்கட்டும். பிறகு தொலைவிலிருந்து 1000 முறை அழைத்து அளக்கட்டும். இரண்டாவது பல மடங்கு நேரம் எடுக்கும். அடுத்து 1000 எண்களையும் ஒரே பட்டியலாக ஒரே அழைப்பில் அனுப்பிப் பார்க்கட்டும். சேவைகளை வடிவமைக்கும்போது பல சிறு அழைப்புகளைவிட ஒரு பெரிய அழைப்பு ஏன் மேல் என்பதை அவர்களின் எண்களே சொல்லிவிடும்.

நெரிசல்: பத்து நொடி காத்திருந்து பதில் தரும் ஒரு செயற்கூறைப் பதிவு செய்து, இரண்டு கணினிகளிலிருந்து ஒரே நேரத்தில் அழைக்கட்டும். இந்த எளிய சேவையகம் ஒரு நேரத்தில் ஓர் அழைப்பை மட்டும் கவனிக்கும்; இரண்டாமவர் ஏறக்குறைய இருபது நொடி காத்திருப்பார். தேர்வு முடிவு வரும் காலையில் தளம் ஏன் தள்ளாடுகிறது என்று அவர்களே பேசுவார்கள்.

யார் கேட்கிறார்கள்: மூன்றாவது கணினியிலிருந்து, சம்பந்தமில்லாத ஒரு மாணவர் "மதிப்பெண் சேர்" என்று அழைக்கட்டும். அதுவும் நடக்கும்! நீ யார் என்று சேவையகம் கேட்கவே இல்லை. முகவரியும் செயற்கூறின் பெயரும் தெரிந்த எவரும் அழைக்கலாம். கடவுச்சொல், ஓடிபி, உள்நுழைவு எல்லாம் எதற்காக என்ற கேள்விக்கு இங்கே பதில் கிடைக்கிறது.

இதே காரணத்தால் இரண்டு எச்சரிக்கைகள். இந்தச் சேவையகத்தை இணையத்தோடு இணைந்த நிலையில் இயக்க வேண்டாம்; தீய நோக்கோடு அனுப்பப்படும் தரவைத் தாங்கும் பாதுகாப்பு அதற்கு இல்லை என்று பைத்தானின் ஆவணமே சொல்கிறது. பயிற்சிக்கு உண்மையான மாணவர் பெயர், மதிப்பெண், கைப்பேசி எண் எதையும் பயன்படுத்த வேண்டாம். கற்பனைத் தரவே போதும்.

மதிப்பீடு

1. பதில் வராத நிலையில் மறுபடி அனுப்பினால் கெடாத வேலைகள் எவை: இருப்பைப் பார்ப்பது, ரூ.500 அனுப்புவது, முகவரியை மாற்றுவது, நூலகத்தில் எடுத்த புத்தக எண்ணிக்கையில் ஒன்று கூட்டுவது, வரிசை எண் 12-இன் பதிவை நீக்குவது? (கடைசியானது சிந்திக்க வைக்கும். இரண்டாம் முறை "அப்படி ஒரு பதிவு இல்லை" என்று பதில் வரலாம். ஆனால் நோட்டின் நிலை ஒன்றே.)

2. மறுபடி அனுப்பும் சீட்டுக்குப் புதிய எண் கொடுத்தால் என்ன ஆகும்? நடித்துக் காட்டுக.

3. பள்ளி நூலகத்துக்கு ஒரு சேவைப் பட்டியல் தயாரிக்க. ஒவ்வொன்றுக்கும் பெயர், கொடுக்க வேண்டியது, திரும்பி வருவது ஆகியவற்றை எழுதுக. யார் அழைக்கலாம், எதை வெளியே திறக்கக் கூடாது என்பதையும் காரணத்துடன் எழுதுக.

4. 40 மாணவரின் வருகையைப் பதிவு செய்ய 40 அழைப்புகளா, ஓர் அழைப்பா? ஓர் அழைப்பாக அனுப்பிப் பதில் வராவிட்டால் என்ன செய்வீர்கள்?

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை முதல் பாடவேளையும் முதல் இரண்டு கேள்விகளும் போதும். நான்காம் கேள்விக்கு ஒரே விடை கிடையாது. வேகமும் பாதுகாப்பும் ஒன்றையொன்று இழுக்கும் இடம் அது. மாணவர் எந்தப் பக்கம் நின்றாலும், "பதில் வரவில்லை, ஆகவே நடக்கவில்லை" என்று எழுதாமல் "முதலில் கேட்டுப் பார்ப்பேன்" என்றோ "அதே எண்ணோடு அனுப்புவேன்" என்றோ எழுதியிருந்தால் முழு மதிப்பெண் கொடுக்கலாம்.